பன்னிரண்டு சொல், பதினைந்து கட்டம்

"பன்னெண்டுதானா? மிச்சம் மூணு எங்கம்மா?"

"அவ்வளவுதான் சார். பன்னெண்டுதான் குடுத்தாங்க."

"யாரு குடுத்தாங்க?"

"போன்ல இருக்கற அந்த ஆப்புதான் சார்."

"அப்போ ஆப்பு தப்பு பண்ணிருக்கும். படிவத்துல பதினஞ்சு கட்டம் இருக்கு பாருங்க. கட்டம் காலியா இருந்தா நான் எப்படி கையெழுத்து போடறது?"

கேட்டவர் சுந்தர்சிங். சிட்லபாக்கம் அல்லி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு காலிக் கட்டத்தைக்கூட அவர் மேலே அனுப்பியதில்லை என்று அவருடைய பிரிவு உபசார விழாவில் பேசினார்கள். அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் ஜெரூஷா. வயது இருபத்தேழு. தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண்பது வயதுக்காரரின் கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். படிவம் என்று வந்துவிட்டால் மட்டும் முதல் கட்டத்திலேயே அவள் பேனா நின்றுவிடும்.

சங்கத்தின் செயலாளர் சரோஜினி டீச்சர்தான் வழி சொன்னார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மிச்சமிருக்கும் மூன்று கட்டங்களிலும் "பொருந்தாது" என்று எழுதிவிடலாம் என்றார். சுந்தர்சிங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து யோசித்துவிட்டு, மூன்று தனித்தனிப் "பொருந்தாது"களாக எழுத வேண்டும், ஒன்றை எழுதிவிட்டு மேற்படி குறி போடக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஜெரூஷா எழுதினாள்.

அந்தப் பன்னிரண்டும் ஆங்கில வார்த்தைகள். லெமன், சால்ட், டொமேட்டோ என்று பார்ப்பதற்கு யாரோ பாதியில் மறந்த மளிகைச் சீட்டுபோல இருக்கும். அவள் அம்மா ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு தக்காளி மட்டும் வாங்கி வந்ததும் உண்டு. ஆனால் மூன்று வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஜெரூஷா வாங்கி வைத்திருந்த கிரிப்டோ காயின்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளுக்குப் பின்னால்தான் இருந்தன. அன்றைய விலைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். வார்த்தைகளைச் சரியான வரிசையில் தெரிந்தவர், உலகத்தில் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால், வைத்தவளே வந்து அழுதாலும் திறக்காது.

இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் பிரிட்டோ. பம்மல்காரன். அதே பரிசோதனைக் கூடத்துக்கு வீடு வீடாகப் போய் ரத்தம் சேகரித்து வருபவன். முதல் நாளே எச்சரித்திருந்தான். "பேங்க்குன்னா மறந்துட்டா மேனேஜர் கீறாரு. இதுல மேனேஜரும் நீதான், வாட்ச்மேனும் நீதான். போன்ல போட்டோ புடிக்காத. பேப்பர்ல எழுது, ரெண்டு காப்பி வை. யார் கேட்டாலும் குடுக்காத. நாளைக்கு நானே வந்து கேட்டாலும் குடுக்காத, புரியுதா?"

அவளும் அப்படித்தான் செய்தாள். ஒரு தாள் பீரோவில், ஒரு தாள் பைபிளுக்குள். இப்போது இரண்டும் சுந்தர்சிங்கின் மேசைமேல் கிடந்தன. படிவத்தின் கீழே "அசலும், நகல்கள் இருப்பின் அவை அனைத்தும் இணைக்கப்பட வேண்டும்" என்று அச்சடித்திருந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது.

ஒரு தடவை மட்டும் தயங்கினாள். சங்கமே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த துண்டறிக்கையை எடுத்து, அதன் முதல் வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "உங்கள் இரகசியச் சொற்களை யாரிடமும் தெரிவிக்காதீர்கள்."

சுந்தர்சிங்குக்குக் கோபம் வரவில்லை. துண்டறிக்கையை ஒருவர் படித்திருக்கிறாரே என்ற சந்தோஷம்தான் அவர் முகத்தில் தெரிந்தது.

"ரொம்பச் சரி. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. ஆனா நீங்க சொல்லலங்கறத நாங்க எப்படி தெரிஞ்சிக்கறது? எத சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சாத்தானேம்மா, நீங்க அத வெளிய சொன்னா நாங்க கண்டுபிடிக்க முடியும்? அதுவும் தவிர, யார்கிட்டயும்னா தனி ஆள். நாங்க தனி ஆள் இல்ல. பதிவு நம்பர் இருக்கு."

சரோஜினி டீச்சர் படிவத்திலிருந்த சொற்களை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். படிவமும் தாள்கள் இரண்டும் உறைக்குள் போயின. உறை இரும்பு லாக்கருக்குள் போனது. சாவி சுந்தர்சிங்கின் இடுப்பு பெல்ட்டில் ஏறியது.

சங்கத்துக்கும் கிரிப்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான்கு மாதங்களுக்கு முன் வரை ஒன்றும் இல்லை. கொசு மருந்து, தெருவிளக்கு, ஏரியில் குப்பை என்றுதான் சங்கம் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அடுத்த தெரு ஏசுபாதம் ஏமாந்தார். முப்பது நாளில் இரட்டிப்பு என்று சொன்ன ஒரு வாட்ஸாப் குழுவில் நாற்பதாயிரம் போட்டார். செல்போன் திரையில் அது எண்பதாயிரமாக வளர்ந்தது. எடுக்கப் போனபோது வரி கட்டச் சொன்னார்கள், கட்டினார். வரிக்கு ஒரு வரி கேட்டார்கள், அதையும் கட்டினார். பிறகு குழுவே காணாமல் போனது.

சங்கம் உடனே மின்பணப் பாதுகாப்புத் துணைக்குழுவை அமைத்தது. கிரிப்டோ வைத்திருக்கும் குடியிருப்பாளர் எல்லோரும் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்குச் சங்கத்திலிருந்து எந்தக் கடிதமும் கிடையாது.

ஜெரூஷாவுக்குக் கடிதம் வேண்டியிருந்தது. பொழிச்சலூரில் தெரு முனையில் ஒரு அறை பார்த்திருந்தாள். சொந்தமாக ஒரு ரத்தச் சேகரிப்பு மையம் வைக்க வேண்டும் என்பது இரண்டு வருடக் கனவு. பெயர்ப் பலகைக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அறையின் சொந்தக்காரர் ராஜகோபாலன் இரண்டே இரண்டு கேட்டார். நல்ல குடியிருப்பாளர் என்று இப்போதைய சங்கத்திடமிருந்து ஒரு கடிதம். பத்தாம் தேதி மாலைக்குள், காயின்களை விற்றுத்தான் அவள் தரக்கூடிய முன்பணம். தாண்டினால் ஒரு மொபைல் கடைக்காரர் காத்திருக்கிறார்.

கடிதம் கிடைத்துவிட்டது. சுந்தர்சிங் சொன்ன சொல் தவறாதவர்.

அந்த வாரச் சனிக்கிழமை மாலை விழிப்புணர்வு வகுப்பு நடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஹாலில் நாற்பது பேர். இறைவணக்கம், வரவேற்புரை, ஏசுபாதத்தை மேடையில் உட்கார வைத்தல். ஏசுபாதத்தின் சட்டையில் "உதாரணம்" என்று ஒரு அட்டை குத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவர் அதே அட்டையோடு வந்துவிடுவார். வந்தால் டீயும் சமோசாவும் உண்டு என்பதால் அவருக்கும் அது பழகிவிட்டது.

சுந்தர்சிங் பேசினார். துணைக்குழு தொடங்கிய இந்த நான்கு மாதத்தில் அல்லி நகரில் ஒருவர்கூட ஏமாறவில்லை என்றார். கைதட்டல். "காரணம் என்னன்னா, படிவம் முடிக்காம யாரும் எதையும் வாங்கவோ விக்கவோ கூடாதுன்னு சொல்லிருக்கோம். இதுவரைக்கும் ஒரே ஒருத்தர்தான் படிவத்த முடிச்சிருக்காங்க." மறுபடியும் கைதட்டல். ஜெரூஷா எழுந்து கும்பிட வேண்டியதாயிற்று.

அடுத்து செயல்முறை விளக்கம். சங்க நிதியிலிருந்து ஐயாயிரம் ரூபாய்க்குக் காயின் வாங்கி, அதைச் சங்கத்தின் வாலட்டுக்கு, அதாவது செல்போனிலுள்ள மின்பணப் பைக்கு, அனுப்பிக் காட்டுவது. வாலட் முகவரி நாற்பத்திரண்டு எழுத்து. அதை ஒரே ஆள் முழுதாகத் தட்டினால் பாதுகாப்பில்லை என்பதால் மூன்று செயற்குழு உறுப்பினர்கள் ஆளுக்குப் பதினான்கு எழுத்துத் தட்டினார்கள். ஒருவர் தட்டுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியில் சரோஜினி டீச்சர் வந்து எண்ணிப் பார்த்து, நாற்பத்திரண்டு சரியாக இருக்கிறது என்று சான்றளித்தார். எந்த நாற்பத்திரண்டு என்று அவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை.

ஜெரூஷாவோடு வந்திருந்த பிரிட்டோவால் சும்மா இருக்க முடியவில்லை. முழுசாக அனுப்பாமல் முதலில் நூறு ரூபாய்க்கு அனுப்பிப் பார்க்கலாம், வந்து சேர்ந்தால் மிச்சத்தை அனுப்பலாம் என்று எழுந்து சொன்னான்.

"தம்பி, நூறுக்கு ஒரு வவுச்சர், நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஒரு வவுச்சரா? ஆடிட்டர் என்னைத் தூக்கில போடுவாரு" என்றார் சுந்தர்சிங்.

ஐயாயிரமும் போனது. எல்லோரும் சங்கத்தின் வாலட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வரவில்லை. அரைமணி நேரம் கழித்துச் சமோசா வந்தது.

இந்த இடத்தில் வேறு சங்கமாக இருந்தால் கலங்கியிருக்கும். அல்லி நகர் சங்கம் தீர்மானம் போட்டது. தவறுதலாகப் பெற்றுக்கொண்டவர் யாராக இருந்தாலும் பதினைந்து நாளுக்குள் தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கடிதம் எழுதி, உறையின்மேல் அந்த நாற்பத்திரண்டு எழுத்தையும் நான்கு வரியாகப் பிரித்து எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்தார்கள். ஆறாம் நாள், "முகவரி போதாது" என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது. சுந்தர்சிங் அதைக் கோப்பில் வைத்தார். தாமதமில்லாமல் பதில் வந்ததில் அவருக்குத் திருப்தி.

அதற்கு அடுத்த நாள் மழை. தாம்பரம் சானடோரியம் பக்கம் தேங்கிய தண்ணீரில் ஜெரூஷாவின் செல்போன் விழுந்தது. உடனே குனிந்து எடுத்தாள்தான், ஆனால் அதற்குள் அது செத்துப்போயிருந்தது. புதுப் போன் வாங்கினாள். அதில் வாலட்டை மறுபடி திறக்க, அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளை வரிசையாகக் கேட்டது.

தேதி ஏழு. அவள் பயப்படவில்லை. தாள்தான் லாக்கரில் பத்திரமாக இருக்கிறதே.

மறுநாள் சனிக்கிழமை மாதாந்திரக் கூட்டம். முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று போனாள். சங்கத்தின் விதிப்படி, கூட்டம் தொடங்கும்போது போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை இணைப்புகள் உட்பட வாய்விட்டுப் படித்து, உறுப்பினர்களின் ஒப்புதல் பெற வேண்டும். சரோஜினி டீச்சர் எழுந்து நின்று, அசெம்பிளியில் படிப்பதுபோலப் படித்தார். கொசு மருந்து. தெருவிளக்கு. பதிவுத் தபால் செலவு. பிறகு, "இணைப்பு ஒன்று. குடியிருப்பாளர் ஜெரூஷா அவர்களின் இரகசியச் சொற்கள்."

ஜெரூஷா எழுந்துவிட்டாள். அதற்குள் டீச்சர் முதல் சொல்லுக்கு வந்துவிட்டார்.

"அங்கிள். அம்ப்ரெல்லா. கிச்சன். சால்ட். டைகர். டொமேட்டோ. பனானா. பொருந்தாது. பொருந்தாது. பொருந்தாது. மேங்கோ. ரிவர். லெமன். லேடர். விண்டோ."

"ஆட்சேபனை உண்டா?" என்றார் சுந்தர்சிங்.

பின்வரிசையில் ஒருவர், பொருந்தாது மூன்று முறை வருகிறது, எழுத்துப் பிழையா என்று கேட்டார். இல்லை என்று விளக்கம் தரப்பட்டது. ஒப்புதல் கிடைத்தது. விதிப்படி ஒரு நகல் வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது.

அவள் ஓடிப்போய்ப் பலகை முன் நின்றாள். போனது போகட்டும், வேறு யாருக்கும் இது என்னவென்று உறைப்பதற்குள் தானே எடுத்துவிடலாம். புதுப் போனில் ஒவ்வொன்றாகத் தட்டினாள். தவறு என்றது. பொருந்தாதுகளை விட்டுவிட்டுத்தான் தட்டினாள். மறுபடி தட்டினாள். மறுபடியும் தவறு.

சரோஜினி டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"டீச்சர், இது வரிசையா இல்லையே."

"ஏன் இல்ல? அகர வரிசைல போட்டிருக்கேன். நீ எழுதினது ஒரே கன்னாபின்னான்னு இருந்துச்சு. அங்கிள் ஒரு பக்கம், அம்ப்ரெல்லா ஒரு பக்கம். முப்பத்தஞ்சு வருஷம் வருகைப் பதிவேடு எழுதின கை, எப்படிம்மா அப்படியே விடும்?"

ஜெரூஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன. அப்போதுதான் விஷயம் மெல்லப் புரிந்தது. சங்கம் அவளுடைய ரகசியத்தை ஊருக்கே சொல்லிவிட்டது. அதே சங்கம் அதை யாருக்கும் உதவாமலும் ஆக்கிவிட்டது. அவளுக்கும் சேர்த்து. அசல் வரிசை லாக்கரில் இருக்கும் அந்த உறைக்குள் மட்டும்தான் இருந்தது.

பிரிட்டோவுக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு வார்த்தையை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்ப அழைத்தான். நாற்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சம். "பேஜார் புடிச்ச நம்பர்மா இது. மெஷின்ல புரோகிராம் போட்டா கண்டுபுடிச்சிடுவானுங்க. நமக்கு அது தெரியாது. தெரிஞ்சவன்கிட்ட குடுத்தா, அப்புறம் அவன்தான் ஓனரு. பேப்பர வாங்கு. வேற எதுவும் பண்ணாத."

சங்கம் இதை அறிந்ததும் சும்மா இருக்கவில்லை. மாதம் ஒரு வரிசையைக் கூட்டத்தில் முயன்று பார்ப்பது என்று முதலில் பேசினார்கள். பிறகு, அன்றைய கூட்டத்துக்கே சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஷெர்வின் என்பவரை மேடைக்கு அழைத்தார்கள். தொலைந்த மின்பணத்தை மீட்டுத் தரும் நிபுணர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். அவரைச் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. அவரே வாட்ஸாப்பில் அறிமுகமாகி, அவரே தன்னை அழைக்கும்படி சொல்லியிருந்தார். கோட் சூட் நன்றாக இருந்தது. சுந்தர்சிங் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

ஜெரூஷாவின் பணத்தை இரண்டே நாளில் மீட்டுத் தருவதாக ஷெர்வின் சொன்னார். பதினைந்தாயிரம் முன்பணம், ஜிஎஸ்டி தனி.

மேடையில் "உதாரணம்" அட்டையோடு உட்கார்ந்திருந்த ஏசுபாதம், நான்கு மாதத்தில் முதல்முறையாக வாய் திறந்தார்.

"குடுக்காதம்மா. என்கிட்டயும் இப்படித்தான் கேட்டாங்க. என் காச எனக்குக் குடுக்கறதுக்கு என்கிட்டயே காசு."

உதாரணங்கள் பேசுவதற்கு விதியில் இடமில்லை என்று சுந்தர்சிங் அவரை அன்போடு உட்கார வைத்தார்.

ஜெரூஷா கொடுக்கவில்லை. ஷெர்வினும் வற்புறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே வெளியே போய், அறிவிப்புப் பலகையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு, கார் ஏறிப் போனார்.

கூட்டம் முடிந்ததும் அவள் தாளைக் கேட்டபோது, கூட்ட நாளில் லாக்கரைத் திறக்கும் வழக்கமில்லை என்றார் சுந்தர்சிங். ஞாயிற்றுக்கிழமை அவர் வீடு பூட்டியிருந்தது. போனும் எடுக்கவில்லை. அன்று மாலை சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் ஷெர்வினிடமிருந்து ஒரு செய்தி வந்தது. முன்பணம் இல்லாமலேயே, சேவையாக, வேலையை ஆரம்பித்துவிட்டாராம். நாளை இரவுக்குள் முடிந்துவிடுமாம். முப்பத்தொரு பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். சுந்தர்சிங் மட்டும் இரண்டு கையும் கூப்பியிருந்தார்.

திங்கட்கிழமை, பத்தாம் தேதி. அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு ஜெரூஷா சங்க அலுவலகத்துக்கு வந்தபோது மணி நான்கு. வழியில் பலகை முன் இரண்டு பெண்கள் நின்று, அடுத்த வாரத் தம்போலா ஆட்டத்துக்கு இந்த வார்த்தைகளை வைத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி வண்டிக்காரர் டைகர், டொமேட்டோ, பனானா என்று முணுமுணுத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் தலையணைக்கடியில் வைக்காத குறையாகக் காப்பாற்றியது இப்போது தெருவில் உலவுவதைப் பார்க்க, தன் வீட்டுப் பூனை எல்லார் வீட்டிலும் பால் குடிப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது.

சுந்தர்சிங் வரவேற்றார். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். லாக்கர் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாவி பெல்ட்டில் இருந்தது. நடுவில் மூன்றடி தூரம்.

"தாராளமா எடுத்துக்கலாம்மா. உங்க பொருள். நாங்க வெச்சு என்ன பண்ணப் போறோம்?"

"தேங்க்ஸ் சார்."

"ஆனா உங்க பொருள்தான்னு உறுதி பண்ணணும். இப்போ இந்த வார்த்தைங்க ஊருக்கே தெரிஞ்சு போச்சு. யார் வேணா வந்து என்னோடதுன்னு சொல்லலாம். நாளைக்கு அந்த இஸ்திரிக்காரர் வந்து கேட்டா? துணைக்குழு ரொம்ப கவனமா இருக்கணும்னு சொல்லுது."

"துணைக்குழு யார் சார்?"

"நான்தான்."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறும் படிவம்." பெயர், முகவரி, ஆதார் எண். அதன் கீழே பதினைந்து கட்டங்கள். மேலே ஒரு வரி: "ஒப்படைத்த சொற்களைச் சரியான வரிசையில் எழுதவும்."

"எழுதுங்க. நான் லாக்கர திறந்து அசலோட ஒத்துப் பாப்பேன். ஒத்துப் போச்சுன்னா அடுத்த நிமிஷம் உங்க கையில."

"வரிசை மறந்து போனதாலதான் சார் கேக்கறேன். வரிசை தெரிஞ்சா பேப்பரே வேணாமே சார்."

சுந்தர்சிங் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு அது மறுபடி விரிந்தது.

"அது உங்க வசதிம்மா. விதி எல்லாருக்கும் ஒன்னுதானே?"

மணி நாலரை ஆகியிருக்கும். மேசைமேல் வைத்திருந்த புதுப் போன் அதிர்ந்தது. முன்பணத்துக்குக் காத்திருக்கும் ராஜகோபாலன். அவள் எடுக்கவில்லை. அது நின்றதும் சங்கக் குழுவில் ஒரு செய்தி வந்த ஓசை கேட்டது. அதையும் அவள் பார்க்கவில்லை.

பேனாவை எடுத்தாள். பெயர் எழுதினாள். முகவரி எழுதினாள். கட்டங்களுக்கு வந்தபோது கண்ணை மூடி அந்தத் தாளை நினைத்துப் பார்த்தாள். பைபிளின் மெல்லிய பக்கங்களுக்கு நடுவே அது தெரிந்தது. தன் கையெழுத்தும், நீல மையும், மடிப்பும் தெரிந்தன. ரிவருக்குப் பிறகு லேடரா, டைகருக்குப் பிறகு லெமனா, எதற்குப் பின் எது என்பது மட்டும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தாள். பதினைந்தில் நிச்சயமாகத் தெரிந்தவற்றை முதலில் எழுதிவிடலாம் என்று கடைசி மூன்று கட்டங்களுக்குப் போனாள். பொருந்தாது. பொருந்தாது. பொருந்தாது.

சுந்தர்சிங் எட்டிப் பார்த்து, "அது மூணும் கரெக்ட்" என்றார். அவர் குரலில் ஊக்கம் இருந்தது. ஒரு நல்ல மாணவியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

போன் மறுபடி அதிர்ந்தது. அவள் படிவத்தைத் திருப்பி, அவர் பக்கமாக நகர்த்தி, பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

"சார், மொதல் கட்டத்த மட்டும் நீங்க லாக்கர திறந்து பாத்து எழுதிக் குடுங்க சார்."